கேசட்டுக்குள் ஒரு கோல்

"பொம்பளப் பிள்ளைக இங்கன ஹாக்கி ஆடினதே கிடையாது. நீ போ," என்றான் மணிகண்டபிரபு. தெருப் பையன்களுக்கு அவன்தான் கேப்டன்.

"எங்க உம்மா ஆடியிருக்காவ. இதே மைதானத்துல கோல் போட்டிருக்காவ!" என்றாள் இக்ரா.

பையன்கள் சிரித்தார்கள். "எங்கே, காட்டு பார்ப்போம்!"

இக்ராவுக்குக் காது சிவந்தது. "காட்டுதேன்லே. இரு!"

வீட்டு அலமாரியில் உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேசட் இருந்தது. உம்மா ஷாஜாதி பள்ளிக்கூட நாட்களில் ஆடிய ஆட்டம் அதில்தான் பதிவாகியிருந்தது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை.

"விட்டுத் தள்ளுட்டி. அவனுககிட்ட நிரூபிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் உம்மா.

"நீங்க போட்ட கோலை இல்லன்னு சொல்லுதானுவ. நான் விட மாட்டேன்!"

உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சம்சுதீன் மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போனாள். அந்த ஆட்டத்தைப் படம்பிடித்தவரே அவர்தான்.

மாமா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பிறகு சின்ன டிவிடி வந்துச்சு. அப்புறம் இது வந்துச்சு." நகத்தளவு மெமரி கார்டைக் காட்டினார். "இப்ப என் கேமராவுல கேசட் போட இடமே கிடையாதும்மா."

"அன்னைக்கு எடுத்த கேமரா எங்க மாமா?"

"பரண்ல கிடக்கு. கீழே விழுந்து லென்ஸ் உடைஞ்சுபோச்சு. படம் எடுக்காது."

இக்ரா நகரவில்லை. "புதுசா எடுக்க வேண்டாம் மாமா. எடுத்ததைக் காட்டினா போதும். அதுக்கு லென்ஸ் எதுக்கு?"

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு ஏணியை எடுத்து வந்தார்.

தூசி தட்டி, கரண்டு கொடுத்து, கேசட்டை உள்ளே போட்டு, கேமராவை டிவியோடு வயரால் இணைத்தார். முதலில் கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரே புழுதி. அந்தப் புழுதியைக் கிழித்துக்கொண்டு இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி மட்டையோடு பாய்ந்து வந்தாள். கோல்!

"இன்னொரு தடவை போடுங்கண்ணே," என்றார் உம்மா. நாலைந்து தடவை போடச் சொல்லிப் பார்த்தார். இக்ரா உம்மாவின் செல்போனை டிவிக்கு நேரே பிடித்துப் பதிவு செய்துகொண்டாள்.

மறுநாள் பையன்கள் செல்போனை மொய்த்தார்கள். கோல் விழுந்தபோது ஒருவனும் சிரிக்கவில்லை.

"சரி, அது உங்க அம்மா," என்றான் மணிகண்டபிரபு. "உனக்கு என்ன தெரியும்?"

"கோலுக்கு முன்னால போய் நில்லு. தெரியும்."

நின்றான். இக்ரா மட்டையோடு ஓடிவந்து ஓங்கி அடித்தாள். பந்து அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போனது.

அவன் திரும்பிப் பந்தைத் தேடுவதற்குள், இக்ரா மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"ஏலே கேப்டன், நான் எந்த டீம்?"