பாலத்துப் பெண்கள்

பாலத்தின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பியில், விளக்குக் கம்பங்களின் தலையில், நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த கிழவரின் தொப்பியில், எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்தது. கம்பியோரமாக முதுகைக் காட்டி நின்ற பெண்ணின் தலையில் மட்டும் படியவில்லை. அவள் கூந்தல் தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மருதாம்பாள் கைபேசியைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள். படம் அவ்வளவு தெளிவில்லை. ஆனாலும் இடது பக்கம் சற்றே இறங்கிய அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையைச் சுமந்து சுமந்து இறங்கிய தோள். அவள் மகள் ஷண்முகப்ரியாவின் தோள். மகள் செத்து ஒரு மாதம் முடிந்திருந்தது.

குன்னூரில் விளக்கு வைக்கும் நேரம், அமெரிக்காவில் அந்தச் சின்ன நகரத்துக்கு விடிகிற நேரம். ஹார்லோ ஃபால்ஸ் என்று பெயர். ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று எவரும் பார்த்துக்கொள்ளும்படி, நகராட்சிக்காரர்கள் பாலத்தில் ஒரு கேமராவை வைத்து இணையத்தில் விட்டிருந்தார்கள். ப்ரியா வேலைக்குப் போகும் வழி அது. தினமும் கேமராவுக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று, அண்ணாந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவாள். டிசம்பரில் ஒரு காலை, உறைபனியில் வழுக்கிய வேன் ஒன்று அவளைக் கம்பியோடு சேர்த்து ஆற்றுக்குள் தள்ளியது. தேயிலை ஏலக் கம்பெனியில் கணக்கு முடிக்க அன்றைக்கு நேரமாகிவிட்டதால், மருதாம்பாள் அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை.

"ஊரு நம்ம குன்னூராட்டமேதாம்மா" என்பாள் ப்ரியா. "ஒரே ஒரு கடைவீதி. பாதிக் கடை பூட்டிக் கெடக்குது. காப்பிக்கடைக்குப் போனா, நேத்து ஏன் வரலைன்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமையானா ஊரே பள்ளிக்கூட மைதானத்துல பந்தாட்டம் பாக்க உக்காந்திருக்கும்."

அந்த ஊர் அருங்காட்சியகத்தில் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. அதனால் ஊரின் பழங்கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆற்றை நம்பி அங்கே ஒரு செருப்பு ஆலை வந்தது. ஆலை வந்த பிறகுதான் ஊரே வந்தது. தோல் தைக்க எங்கெங்கிருந்தோ பெண்பிள்ளைகள் வந்தார்கள், பாதிப்பேர் கப்பலேறி. ஒரு வசந்தகால வெள்ளத்தில், ஆலை விட்டு வந்துகொண்டிருந்த பிள்ளைகளோடு பழைய மரப்பாலம் போய்விட்டது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் உடல்களை எடுத்துப் போனார்கள். மற்றவர்களைக் கேட்டு யாருமே வரவில்லை. ஆற்றோரமாக ஒரே குழியில் போட்டு மூடினார்கள். இன்றைக்கு ஆலையில் பணக்காரர்களின் அடுக்கு வீடுகள். குழி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

"ஒருத்தி பேருகூட ஆருக்கும் தெரியாதும்மா" என்று ப்ரியா திரும்பத் திரும்பச் சொன்னாள். மருதாம்பாள்தான், "அதையெல்லாம் எதுக்குச் சாமி மனசுல போட்டுக்கறே, சாப்டியா?" என்று பேச்சை மாற்றினாள்.

உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். சாம்பல் தபாலில் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து தம்பி அய்யாவு லாரியை எடுத்துக்கொண்டு வந்தான். சாம்பலைப் புது மண்கலயத்தில் மாற்றி, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, வாசலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தில் தொங்கவிட்டான்.

"ஞாயித்துக்கெழம பவானிக்குக் கொண்டுபோய் ஆத்துல விட்டுரலாம். அது வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஊட்டுக்குள்ள கொண்டாந்துராதக்கா."

"வெளியில எப்படிரா?"

"எல்லாரும் அப்படித்தான வெக்கறாங்க. நாலெழுத்துப் படிச்சவ நீ. லாரிக்காரன் சொல்லித்தான் உனக்குத் தெரியோணுமா?"

அவன் மலை இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து மூடுபனி ஏறி வந்து மரத்தைப் பாதி மறைத்தது. கலயத்தின் மீது மழைத்துளிகள் விழும் சத்தம். ஜன்னலருகே உட்கார்ந்து மருதாம்பாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ப்ரியாவுக்குக் குளிர் ஆகாது. குன்னூரிலேயே பிறந்தும் காலுறை இல்லாமல் தூங்கத் தெரியாதவள்.

குடைகூட எடுக்காமல் இறங்கிப் போனாள். கலயத்தை அவிழ்த்து, சால்வைக்குள் பொதிந்து மாடிப்படி ஏறினாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். இதைத் தாண்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "உள்ள வா கண்ணு" என்றாள். மகளின் கட்டிலில் கிடத்திக் கம்பளியைப் போர்த்தி, ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்கு மறுநாள்தான் பாலத்தில் அந்த நனைந்த தலை.

அடுத்த சாயங்காலம் அவள் தனியாக இல்லை. கம்பியோரமாக வரிசையாகப் பெண்கள். கணுக்கால் வரை தொங்கும் ஈரப் பாவாடைகள், வெறுங்கால்கள். மஞ்சள் நிறப் பள்ளிக்கூடப் பேருந்து போயிற்று, காப்பிக் குவளையோடு ஒருத்தி ஓடினாள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாய் மட்டும் வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொள்ள, கிழவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பிறகு, ஒரே நேரத்தில், அத்தனை பெண்களும் திரும்பிக் கேமராவை அண்ணாந்து பார்த்தார்கள். முகங்கள் தெரியவில்லை. ஈர முடி மூடியிருந்தது.

காலையில் கீழ்வீட்டு ஆபிதா பால் பாக்கெட்டோடு வந்தாள். மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமீலின் மனைவி.

"ஏனுங்கக்கா, ஊட்டுக்கு ஒறவுக்காரங்க வந்திருக்காங்களா? மேல ஒரே காலடிச் சத்தம். இவரு, மேல கல்யாண மண்டபம் தொறந்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு சிரிக்கறாரு." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்க ரூமு மேக்கூரையெல்லாம் ஈரம் சொட்டுது, அதான் கேட்டேன்."

ஆபிதாவின் அறைக்கு நேர்மேலே இருப்பது ப்ரியாவின் அறை.

மருதாம்பாள் உள்ளே போய்ப் பார்த்தாள். கம்பளி பிழியலாம் போல நனைந்திருந்தது. கலயத்தின் துணி மட்டும் காய்ந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து எப்போதும் காற்றில் வரும் தேயிலை வாசம் அந்த அறைக்குள் இல்லை. ஆற்றுச் சேறு. ஊறிப்போன தோல். அவள் வேறு கம்பளி எடுத்துப் போர்த்தினாள்.

மத்தியானம் அய்யாவு போன் செய்தான்.

"நாளைக்கு வெடியக்கால வந்தர்றனக்கா. கலயம் பத்தரமாத் தொங்குதல்லொ?"

அவள் மகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா? உள்ள கொண்டாந்துட்டியா?" அவன் மூச்சு விடுவது கேட்டது. "இப்பவே வெளிய வெய்யி. புள்ளைய உடு. உட்டாத்தான அது போகும்."

"அவ வர்றாடா" என்று சொல்லிப் போனை அணைத்தாள். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு சாயங்காலம் இருக்கிறது. முகத்தை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

மூடுபனி அன்று சீக்கிரமே இறங்கிவிட்டது. எதிர்வீட்டு விளக்கு மங்கி, மரம் மறைந்து, வாசல்படி மறைந்து, உலகத்தில் இந்த ஒரு வீடுதான் மிச்சம் என்பதுபோல ஆகிவிட்டது. கைபேசியில் பாலம் வந்தது. பனி நின்றிருந்தது. வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. ஒரு கார் போயிற்று. கிழவரும் நாயும் போனார்கள்.

கம்பியோரம் காலி.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. பாலத்தில் யாருமே இல்லை.

கீழே மாடிப்படியில் ஒரு சத்தம். ஈரப் பாதத்தைச் சிமெண்டில் வைத்து எடுக்கிற சத்தம். இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"அம்மா."

ப்ரியாவின் குரல்.

"குளுருதும்மா."

மருதாம்பாள் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஒருத்தி தலை குனிந்து நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருதாம்பாள் அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டி வந்து தரையில் உட்காரவைத்தாள். கை அப்படிச் சில்லிட்டிருந்தது. கொடியிலிருந்து துண்டை உருவித் தலையைத் துவட்டினாள், எண்ணெய் தேய்த்துக் குளித்த நாட்களில் துவட்டுவதுபோல, காது மடல் வரை. நெற்றி முடியை ஒதுக்கி முகத்தை நிமிர்த்தினாள்.

சாம்பல் பூத்த வெள்ளை முகம். கண்ணிருந்த இடத்தில் சேறு. அது வாயைத் திறந்தது.

"அம்மா" என்றது, ப்ரியாவின் குரலில்.

இவள் இல்லை. அடுத்தவள் ஏற்கெனவே உள்ளே வந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மருதாம்பாள் அவள் தலையையும் துவட்டினாள். முடியை ஒதுக்கினாள். இவளும் இல்லை. "அம்மா" என்றது அதே குரல். துவட்டப்பட்டவர்கள் போகவில்லை. சுவரோரமாக, கட்டிலில், அடுப்படியில், ஒருத்தியை ஒருத்தி ஒட்டியபடி உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள்.

அடுத்தவள்.

இவளும் இல்லை.

திறந்த கதவு வழியே வரிசை தெரிந்தது. படிக்கு ஒருத்தி. படிகளுக்குக் கீழே, மூடுபனிக்குள், நனைந்த தலைகள், தலைகளுக்குப் பின்னால் தலைகள். கடைசி எங்கே என்று தெரியவில்லை. அதில் ஏதோ ஒரு தலை அவளுடையது. இல்லாமலா போய்விடும்? தரையில் தண்ணீர் அவள் மடி வரை ஏறியிருந்தது. மருதாம்பாள் துண்டைப் பிழிந்துவிட்டு, அடுத்த தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.