எண் போடாத விதி

ஹெட்கிளார்க்கை எலும்பு முறிவு வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது மத்தியானம் இரண்டே முக்கால் இருக்கும். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவரை ஹெட்கிளார்க் என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒரு தப்பு இருந்ததாம். அதைத் திருத்தாமல் சோறு இறங்காது என்று பேனாவோடு ஸ்டூல் மேல் ஏறினார், விழுந்தார், வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாகப் போயிற்று. தூக்க வந்தவர்களிடம் அவர் சொன்ன முதல் பேச்சு, "திருத்தி முடிச்சிட்டேன்" என்பதுதான். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

வார்டு நீளமான அறை. ஐந்து இரும்புக் கட்டில்கள். வெயிலுக்காக ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டிருந்ததால் பட்டப்பகலிலேயே உள்ளே பாதி இருட்டு. கிருமிநாசினி வாடையும் ஈர மாவுக்கட்டின் வாடையும் வியர்வையும் கலந்து மூக்கை அடைத்தன. கோடிச் சுவரோரம் இருந்த ஐந்தாவது கட்டில் காலி. அதன் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

மற்ற மூன்று கட்டில்களில் இருந்தவர்களை ஹெட்கிளார்க் ஒரு பார்வை பார்த்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்ட பஸ் கண்டக்டர். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு கைக்கும் மாவுக்கட்டுப் போட்ட பெயின்டர். இடுப்பு உடைந்து மல்லாந்தே கிடக்கும் டெய்லர். மூன்றும் தற்குறிகள் என்று அந்த ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவர்கள் ஆட ஆரம்பித்தார்கள்.

அதைப் போல ஓர் ஆட்டத்தை அவர் கண்டதில்லை. காயும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரு பழைய நீள நோட்டு, அதில் விதிகள். ஆட்டமே அந்த விதிகளை மாற்றுவதுதான். ஒருவர் புது விதி சொல்லுவார், இல்லை பழையதை எடுக்கச் சொல்லுவார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்திருந்தால் பக்கத்துக் கட்டில் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவார்களாம். கண்டக்டர் முதலில் "ஆமாம்?" என்று கேட்பார், அப்புறம் "இல்லை?" என்பார். எதற்கு ஓட்டோ அதற்குக் கட்டில் கம்பியில் ஒரு தட்டு. கண்டக்டர் காசால் தட்டுவார், டெய்லர் ஸ்பூனால், கையை அசைக்க முடியாத பெயின்டர் குதிகாலால். சொன்னது நிறைவேறினால் பத்து மார்க். நூறு எடுத்தால் ஜெயம். அதுவரை யாரும் ஜெயித்ததில்லை, அதற்குள் எலும்பு கூடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். "கண்டக்டர் கொட்டாவி விட்டால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்" என்று ஒரு விதி. எழுந்து நிற்க ஒருத்தருக்கும் வக்கில்லை. அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பு.

"வேலையத்த வேலை" என்றார் ஹெட்கிளார்க், எல்லார் காதிலும் விழும்படி.

நான்கு வாரம் அந்த ஆட்டத்தின் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. தினமும் நாலு மணிக்கு அவர் சம்சாரம் பிளாஸ்கோடு வருவாள். இரண்டு கண்ணிலும் புரை. படிகளைக் காலால் தடவித் தடவித்தான் மேலே வர முடியும். கீழ்த்தளத்துக் கண் வார்டில் அவளுக்கு ஆபரேஷனுக்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். பிள்ளைகுட்டி கிடையாது.

"அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்ங்க" என்பாள்.

"கண்ணுல ஒரு ஊசி. அதுக்கு இவ்வளவு நடிப்பா? உனக்கு என்ன தெரியும், காப்பியை ஊத்து."

சொல்வது அப்படி. ஆனால் டாக்டர் வந்தால் முதலில் கேட்பது, "அந்தத் திங்கட்கிழமைக்குள்ள நான் நடந்துடுவேனா?" என்றுதான். நாற்பது வருடத்தில் அதை அவளிடம் மட்டும் சொல்லத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் பொழுது போகாமல், "அந்தக் குப்பையை இப்படிக் குடுங்க" என்று நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்திலேயே முகம் கோணிற்று. ஒன்று என்று எண் போட்ட விதிக்கும் மேலே, பக்கத்தின் தலையில் இடம் இல்லாத இடத்தில், வேறு கையெழுத்தில் ஒரு வரியைச் செருகியிருந்தார்கள். எண்கூட இல்லை.

உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே ஆட வேண்டும்.

"அட கூமுட்டைகளா! செத்தவன் எழுந்து வந்து ஆடப்போறானா? மூச்சு விடுறவன் மட்டும் மூச்சு விடலாம்னும் எழுதி வைங்களேன்."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார் டெய்லர். "எழுதினவங்க ஏதோ நெனச்சுத்தானே எழுதியிருப்பாங்க."

"நெனைக்கிறதுக்கு மண்டை வேணும். முப்பத்தோரு வருஷம் விதிமுறை எழுதற ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கேன். தேவையில்லாத ஒரு வரி இருந்தாக்கூட மேலே அனுப்ப மாட்டேன். இதை எடுக்கணும். வைங்க ஓட்டு."

அவர் வாய்க்குப் பயந்தே கண்டக்டரும் பெயின்டரும் அவர் பக்கம் தட்டினார்கள். மூன்றுக்கு ஒன்று. ஹெட்கிளார்க் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால், அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் கண்டக்டர் ஏதோ ஒரு கோணங்கி விதி சொன்னார். கண்களை மூடினார்கள்.

"ஆமாம்?"

காசு. ஸ்பூன். குதிகால். ஹெட்கிளார்க்கின் பேனா.

கொஞ்சம் தாமதித்து, இன்னொன்று.

விரல் முட்டி இரும்பில் படுகிற சத்தம் அது. கோடிச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

"யோவ் பெயின்டர், ரெண்டு காலாலயும் தட்டுறியா? இதுல கூடக் கள்ள ஓட்டா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

காய்ச்சல் பார்க்க வந்த சிஸ்டர் நோட்டில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "இதை யார் அடிச்சது?"

"நான்தான். எதுக்கும் உதவாத வரி."

சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் கடைசிக் கட்டில்ல ஒருத்தர் பதினோரு மாசம் இருந்தார் சார். ஒரு நாள்கூட அவரைப் பாக்கன்னு யாரும் வந்ததில்ல. இந்த நோட்டை வாங்கி ஆட்டத்தை ஆரம்பிச்சவரே அவர்தான். யாராவது வீட்டுக்குக் கிளம்பினா போர்வைக்குள்ள அழுவார். அவர் அங்கேயே இறந்துபோன மூணாம் நாள் இங்க இருந்தவங்க இந்த வரியைச் செருகினாங்க. ஏன்னு நான் கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு."

"படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? தூ!" என்று ஹெட்கிளார்க் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்பு அழகாகக் கூடிவிட்டது, சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார். மத்தியானம் தலையணைக்கடியில் இருந்த நோட்டை ஹெட்கிளார்க் எடுத்தார். இரவு முழுக்க அது அவர் தலைக்கடியில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில், வலப்பக்கம் சாய்ந்த மெல்லிய எழுத்தில் ஒரு புது வரி.

ஹெட்கிளார்க் இங்கேயே இருக்கட்டும். நன்றாக எழுதுகிறார். பேச்சுத்துணைக்கு ஆகும்.

கண்டக்டரின் கால் கம்பியில் தொங்குகிறது. பெயின்டருக்கு இரண்டு கையும் மாவுக்கட்டில். டெய்லரால் புரளக்கூட முடியாது.

"எழுத்தைப் பாரு, கோழி கிளறினாப்பல" என்றார் ஹெட்கிளார்க். குரல் கொஞ்சம் பிசிறிற்று. அது அவருக்கே பிடிக்கவில்லை. "வைங்க ஓட்டு. நாம நாலு பேர். அது எதுவா இருந்தாலும் ஒண்ணு. முடிஞ்சுது கதை."

கண்களை மூடினார்கள். மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றியது.

"ஆமாம்?"

கோடியிலிருந்து விரல் முட்டி. ஒன்று.

பிறகு காசு.

ஸ்பூன்.

குதிகால்.

ஹெட்கிளார்க் கண்ணைத் திறந்தார். மூன்று பேரும் வெளிறிப்போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தட்டல சார்."

"எம் பொண்ணு மேல ஆணையா நானும் தட்டல."

டெய்லரின் ஸ்பூன் எட்டாத தூரத்தில், அலமாரி மேல் கிடந்தது. அதை ஹெட்கிளார்க் கவனிக்கவில்லை. தான் பேசின பேச்சுக்கெல்லாம் சேர்த்து வைத்துப் பழிவாங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். "நன்றி கெட்ட ஜென்மங்க" என்று வாய்விட்டே சொன்னார்.

சனிக்கிழமை மாவுக்கட்டை எடுத்தார்கள். கால் தொட்டில் பிள்ளையின் கழுத்து மாதிரி தொங்கிற்று. அலறிவிட்டார். புதுப் படம் எடுத்தார்கள். எலும்பு விழுந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இரண்டாகக் கிடந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், பெயர் மாறிப்போயிருக்கும் என்று யார் யாரையோ திட்டினார், மறுபடி மாவுக்கட்டுப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

சம்சாரம் அவருடைய வேட்டி சட்டையைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நிழல் மாதிரிதான் அவளுக்கு அவர் தெரிவார்.

"அப்ப திங்கக்கிழமை நான் தனியாத்தான் போகணுமாங்க?"

உனக்கு என்ன தெரியும் என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பதறிப்போய், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் மூன்று கட்டில்களையும் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கை அதற்கு முன்னால் மேலதிகாரிகளைத் தவிர யாருக்கும் கூப்பியதில்லை.

"நான் பேசினது எல்லாம் தப்பு. மன்னிச்சிடுங்க. அந்த வரியைத் திரும்ப எழுதணும். உயிரோட இருக்கறவங்க மட்டும்தான் ஆடணும். என் வீட்டுக்காரிக்கு என்னை விட்டா நாதியில்ல. தட்டுங்கப்பா, பலமாத் தட்டுங்க."

"உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம் சார்?" என்றார் டெய்லர். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்?"

ஹெட்கிளார்க் பேனாவை ஓங்கித் தட்டினார். கை அதிர்ந்தது. சத்தம் வரவில்லை.

வேறு எங்கிருந்தும் வரவில்லை.

"இல்லை?" என்று கேட்பதற்குக் கண்டக்டர் வாயே திறக்கவில்லை. ஆனாலும் கோடியில் ஒரு விரல் முட்டி, நிதானமாக, அலுங்காமல், தட்டியது.

கண்ணைத் திறந்தபோது ஸ்பூன் வளைந்து கிடந்தது. காசு கண்டக்டரின் விரலை அறுத்திருந்தது. பெயின்டரின் குதிகால் தோல் உரிந்து, ரத்தம் கம்பியில் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை பலமாகத்தான் அவருக்காக அடித்திருக்கிறார்கள். தற்குறிகள் என்று யாரைச் சொன்னாரோ அவர்கள். ஹெட்கிளார்க் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திங்கட்கிழமை நோட்டை யாரும் தொடவில்லை. தொடாவிட்டால் ஆட்டம் இல்லை என்று ஒரு நம்பிக்கை. காலையிலேயே சம்சாரத்தைக் கீழே ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நடையில் உருளும் சக்கர வண்டிச் சத்தமெல்லாம் அவளுடையது மாதிரியே அவருக்குக் கேட்டது.

மூன்று மணி ஆயிற்று.

கோடியில் ஒரு தட்டு.

அப்புறம் கீழே, தரைக்கு அடியில், எங்கேயோ இரும்பில் ஒரு தட்டு. லேசான, தயங்கின தட்டு. மோதிரம் படுகிற சத்தம். நாற்பது வருடமாகக் கதவைத் தட்டுவதற்கு அவள் பயன்படுத்துகிற மோதிரம்.

சிஸ்டர் சிரித்த முகத்தோடு வந்தாள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது சார். ரெண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கு. பாவம், தனியா இருக்காங்களேன்னு நெனச்சேன், உங்க சிநேகிதர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ரொம்ப அன்பாப் பேசிக்கிட்டிருந்தாராமே?"

"எந்தச் சிநேகிதர்?"

"பேர் சொல்லலையாம். 'வீட்டுக்காரர்கூடவே இருந்துடறீங்களாம்மா? கண்கட்டோட தலையாட்டக் கூடாது. ஆமாம்னா கட்டில்ல ஒரு தட்டுத் தட்டுங்க'ன்னாராம்."

"தட்டினாளா?"

"பின்னே? தட்டாம இருப்பாங்களா சார்?"

அவர் நோட்டை இழுத்துத் திறந்தார். சாய்ந்த எழுத்து, ஒரே வரி. அவருடைய சம்சாரமும் இங்கேயே இருக்கட்டும்.

"இல்லை!" என்று கத்திக்கொண்டு ஹெட்கிளார்க் பேனாவால் கம்பியை அடித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. கண்டக்டர் முஷ்டியால் அடித்தார். பெயின்டர் கட்டுப் போட்ட காலாலேயே உதைத்தார். டெய்லர் அழுதுகொண்டே வளைந்த ஸ்பூனை ஓங்கினார்.

"என்ன சார் இது, நாலு பேரும் கட்டிலைப் போட்டு இப்படி அடிக்கிறீங்க?" என்றாள் சிஸ்டர். பிறகு அவள் முகமும் மாறிற்று. நான்கு பேர் இரும்பை அடிக்கிறார்கள், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

கீழேயிருந்து மறுபடியும் மோதிரத் தட்டு கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. முதல் தட்டு காதில் விழவில்லையோ என்று நினைத்திருப்பாள்.