மாடியில் ஏறிய கோடு

வளிமண்டல ஆய்விதழின் ஆசிரியர் குடையை மடக்காமலே துப்பறிவாளரின் வாசலில் நின்றார். கண்ணில், அறுவைக்குப் பின் போடும் கறுப்புக் கண்ணாடி.

"ஒரு பொண்ணோட பேரு கெடப் போகுது" என்றார்.

இதழ் அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஓர் ஆய்வாளர் காற்றை உறிஞ்சி அளக்கும் கருவி வைத்திருந்தாள். மாலைதோறும் அங்கே கரியமில வாயு ஏறி இறங்குவதாகக் கட்டுரை எழுதினாள். பக்கத்துக் கட்டிடத்தின் கருவியில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. கட்டுரையைச் சரிபார்த்தவர், 'இட்டுக்கட்டியது' என்று எழுதிவிட்டார். நாளை குழு கூடினால் அவள் வேலை போய்விடும்.

"அவ பொய் சொல்ற ரகம் இல்ல. அந்தக் கருவி மாதிரி, தானா முனகிக்கிட்டு வேலை பார்ப்பா."

துப்பறிவாளர் சட்டையை எடுக்க எழுந்தார். அதற்குள் அவர் மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

மொட்டைமாடியில், மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த மூலையில் கருவியின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி. மாடியெங்கும் புழுதி, வாளியின் மேல் மட்டும் இல்லை.

"எவனோ சிகரெட் பிடிக்கிறான் மச்சான்! மாட்டினான்!"

"சாம்பல் எங்க மாப்ளே?"

துப்பறிவாளர் குனிந்து கருவியில் காதை வைத்தார். பிறகு ஆய்வாளரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். மாலைதோறும் ஏறிய கோடு, ஒரு வாரம் மட்டும் ஏறவே இல்லை.

"அந்த வாரம் ஆபீஸ்ல யார் வரல?"

"எல்லாரும் வந்தாங்களே..." அவள் யோசித்தாள். "அட, ஆசிரியர் சார் வரல. கண் ஆபரேஷன்."

ஆசிரியரின் அறையில், ஆய்வாளரும் உடனிருக்க, துப்பறிவாளர் மெல்லச் சொன்னார்: "கருவி முனகுதுன்னீங்க. காது வச்சாத்தான் சார் அது கேக்குது. பக்கத்துல உட்கார்றவருக்குத்தான் தெரியும்."

ஆசிரியர் தலை குனிந்தார். "எல்லாரும் கிளம்பின பிறகு போவேன். வீட்ல பேச ஆளில்ல. அன்னிக்கு நடந்ததை அதுகிட்ட சொல்லுவேன்."

"காத்து அடிக்காத மூலை. நீங்க விட்ட மூச்சு கலையாம நின்னிருக்கு. இவங்க அளந்தது நிஜம், காரணம்தான் வேற."

"ஊர்க் காத்தையெல்லாம் சரிபார்க்கிறவரு, சொந்த மூச்சை மறந்துட்டாரே!" என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் குழுவுல நானே சொல்லிடறேன்" என்றார் ஆசிரியர். "மிஷின்கிட்ட பேசறேன்னு."

"நீங்க அங்கயே உட்காருங்க சார். குழாயை நான் தள்ளி வச்சுக்கறேன்" என்றாள் அவள்.

ஆசிரியர் வரைபடத்தை இழுத்து, ஏற்றங்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார்.

"இதெல்லாம் நானா?"

"ஆமா சார்."

விரல், கோடு ஏறாத இடத்துக்கு வந்தது. அங்கிருந்து அதை அவர் எடுக்கவில்லை.