பேசத் தேவையில்லாத போன்

அம்மா யாரையோ ‘டா’ போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்ற பலராமனுக்கு அது முதலில் விசித்திரமாகப் படவில்லை.

“இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கடா. முள்ளு பாத்துத் துன்னு.”

தட்டில் கரண்டி இடித்தது. அப்புறம்தான் உறைத்தது. மூலக்குளத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். அவள் அப்படிக் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் இங்கே நின்றுகொண்டிருக்கிறான்.

போன வருஷம் அம்மா அஞ்சம்மாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தூக்கிவிட ஆளில்லாமல் காலையிலிருந்து மத்தியானம் வரை ஈரத்திலேயே கிடந்தாள். அதற்குப் பிறகுதான் பலராமன் நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினான். கம்ப்யூட்டரில் பார்க்கிற கேமரா ஒன்று காட்டினார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்கிற பட்டன் ஒன்று காட்டினார்கள். அமுக்கினால் நேராக மகனுக்கு போன் வரும். “வயசானவங்களுக்கு இதான் சார் நல்லது” என்றார் கடைக்காரர். பட்டன் கிடைத்தால் அம்மா விடுவாளா? எப்ப வர்றே, ஏன் வரல, மாலா உட மாட்டேங்கிறாளா என்று பொழுதன்னைக்கும் அமுக்குவாள். மனைவி மாலாவோ ஒருநாளும் தடுத்தவள் இல்லை. பத்து நிமிஷ வண்டித் தூரத்தில் இருந்துகொண்டு போகாததற்கு அவனிடம் வேறு சாக்கு இல்லாததால் அந்தப் பெயர் அடிபட்டது.

கடைசியில் ஒரு சாதாரண செல்போனை வாங்கி, மணியடிக்காமல் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்து, ஹெட்செட்டைச் செருகி, டிவிக்குப் பின்னால் வைத்தான். அவன் அழைத்தால் வீட்டில் நடப்பது கேட்கும். அவன் பேசினால் அந்த ஹெட்செட்டின் காதில் செருகும் குட்டிக் குமிழ்களோடு சரி, வீட்டில் யாருக்கும் கேட்காது. அவனுக்கு வேண்டியதும் அதுதான். “சிக்னல் பெட்டிம்மா, கைய வெக்காத” என்று சொல்லிவிட்டு, பழைய லேண்ட்லைனையும் சரண்டர் செய்தான்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு நிமிஷம். ஃபேனின் கிறீச் சத்தம், குக்கர் விசில், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே தேய்ந்து தேய்ந்து போகும் ரப்பர் செருப்பு, ஒரு இருமல், சில நாட்களில் டிவியை அமர்த்திவிட்டு அவள் தன்பாட்டுக்கு விடும் நீளமான பெருமூச்சு. உயிரோடு இருக்கிறாள். போதும், கட் செய்துவிடுவான். “பேசினீங்களா?” என்று மாலா கேட்டால் “ம்” என்பான். பெற்றவளை ஒட்டுக்கேட்டுவிட்டு ஓடுகிறோம் என்று அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே ஒரு வருஷம் ஓட்டிவிட்டான்.

அந்த ‘டா’வைக் கேட்ட மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே அழைத்தான். ஃபேன் சத்தம். மீன் குழம்பு கொதிக்கும் சத்தம். கூடவே இன்னொரு ஜோடிக் கால், வெறுங்கால், தரையில் பசக் பசக்கென்று ஒட்டி ஒட்டி எடுத்து, டிவி வரைக்கும் வந்து நின்றது. போனுக்கு மிக அருகில் யாரோ மூச்சுவிட்டார்கள். மெதுவாக. பொறுமையாக.

“உக்காருடா, சோறு ஆறிடும்” என்றாள் அம்மா.

“வரேம்மா.”

தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று பலராமனுக்குத் தெரியும். கல்யாண கேசட்டைப் போடும்போதெல்லாம் கூசிப்போய் எழுந்து போவானே, அந்த மூக்கடைத்த குரல். அதேதான்.

“அம்மா!” என்று போனில் கத்தினான். “அம்மா, யாரும்மா அது?”

அங்கே சோறு பரிமாறும் சத்தம் நிற்கவில்லை.

அம்மாவின் எதிர்வீட்டுக் கொளஞ்சி அக்காவை அழைத்தான். “அக்கா, பலராமன் பேசுறேன். அம்மா வீட்ல யாரு இருக்காங்க, கொஞ்சம் பாருங்க.”

“என்னப்பா வெளையாடுறியா?” கொளஞ்சி சிரித்தாள். “தெனம் வந்து பெத்தவளுக்கு ஒத்தாச பண்றே. இப்பகூட வாசல்ல கால் கழுவிட்டு உள்ள போனியே, பாத்துனுதான இருந்தேன்.”

வண்டியை எப்படி எடுத்தான், வில்லியனூர் ரோட்டை எப்படிக் கடந்தான் என்று தெரியவில்லை. அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது. இனிமேல் தினமும் வருவேன். கூடவே வைத்துக்கொள்வேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

தெரு உச்சிவெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. வாசற்படியில் ஒரு ஜோடிச் செருப்பு. இடதுகால் வார் அறுந்து, நீல நூலால் தைத்தது. குனிந்து தன் காலைப் பார்த்தான். இடதுகால். நீல நூல்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் குறைவு. மீன் வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை, நாள்கணக்கில் பூட்டிய பாத்ரூமின் ஈரவாசனை. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவள் தட்டு காலி. எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ஆண்.

அம்மா என்று கூப்பிட்டான்.

குரல் வரவில்லை.

மறுபடி. வாயைத் திறந்து, தொண்டை நரம்பு புடைக்க. மூச்சு மட்டும் வந்தது.

அம்மா தலையைத் திருப்பினாள். நேராக அவனைப் பார்த்தாள். கண் அவன்மேல் நிற்கவில்லை.

“அது வந்துடுச்சுடா” என்றாள். பயந்திருந்தாள். “ஒரு வருஷமா தெனம் இந்நேரத்துக்குத்தான் வருது. ஒண்ணும் பேசாது. நின்னு மூச்சு உடும். போயிடும்.”

“நான் இருக்கேன்ல.”

அந்த ஆள் எழுந்தான். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே எழுந்தான். விடவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

பலராமனின் முகம்தான். ஆனால் கொழுத்திருந்தது. கன்னம் பளபளத்தது. வாயோரம் குழம்பு.

அம்மா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் விரல்கள் அவள் மணிக்கட்டில் புதைந்திருந்தன, எலும்புவரை. அவளுக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

“போயிடுச்சாடா?”

“போயிடும்மா.”

பலராமனின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே, இன்னொரு கையால், அவன் கதவைச் சாத்தினான்.