நோரா அம்மா கொட்டிய ஊம்

ஏற்காட்டு மலைமேல் கரடியூரில் குடியிருந்த நோரா அம்மா அமெரிக்காவில் பிறந்தவர். கதை எழுதுவதுதான் அவருக்குத் தொழில். முதல் கதை, பறக்கப் பயந்த ஒரு வாத்தைப் பற்றியது. பதிப்பகம் பதிப்பகமாகப் போய்த் திரும்பி வந்த அந்த வாத்து, கடைசியில் உலகமெல்லாம் பறந்தது. பிறகு எழுதிய புத்தகங்களை அடுக்கினால், சேர்வராயன் மலையே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அலமாரி நிறைய இருந்தது உண்மை.

ஒரு வாரம் ஓய்வெடுக்க ஏற்காட்டுக்கு வந்தவர், காப்பிப் பூ வாசனையில் கால் மாட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தமிழும் கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்.

முதல் நாள், வரிக்கு வரி எல்லோரும் "ஊம்" கொட்டினார்கள். அவர் பயந்துபோனார். "எல்லாருக்கும் வயித்து வலியா?"

"இல்லீங்க," என்றாள் குட்டிப் பெண் கண்ணாயி. "ஊம் கொட்டுனாத்தான் கதை நடக்கும். இல்லீனா நின்னுபோயிருமுங்க."

இப்போது கண்ணாயி வளர்ந்துவிட்டாள். நோரா அம்மாவுக்கோ ஒவ்வொன்றாக மறந்துபோயிற்று. முதலில் மூக்குக்கண்ணாடி வைத்த இடம். பிறகு ஊரின் பெயர். பிறகு, தான் எழுதியதெல்லாம்.

நேற்றிலிருந்து சாப்பாடும் இறங்கவில்லை. அவர் வீட்டில் சமைக்கும் கண்ணாயியின் அம்மா வெள்ளையம்மாள், கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்கறாங்க, கண்ணு. இப்படியே போனா..."

கண்ணாயி ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "இது நீங்க எழுதுனதுங்க."

நோரா அம்மா அட்டையில் இருந்த தன் பெயரைத் தடவிப் பார்த்தார். "எனக்குத் தெரியலையே," என்று அழுதுவிட்டார்.

கண்ணாயி புத்தகத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு வாத்துங்க. அதுக்குப் பறக்கறதுன்னா நொம்பப் பயம்."

ஊம் வரவில்லை. கண்ணாயியும் நிறுத்திவிட்டாள். ஊம் இல்லாமல் கதை எப்படி நடக்கும்? சன்னலுக்கு வெளியே மூடுபனிகூட நகராமல் காத்திருந்தது.

நெடுநேரம் கழித்து, எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"ஊம்."

"வாத்து, மேகத்துக்கிட்ட வழி கேட்டுதுங்க." ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போயிற்று.

"ஊம்."

வாய் நிறையக் கஞ்சி இருந்தாலும் ஊம் கொட்டலாம். அதுதான் அதிலுள்ள வசதி.

கிண்ணம் காலியானபோது வாத்து வானத்தில் இருந்தது.

"நல்ல கதை," என்றார் நோரா அம்மா. "ஆரு எழுதுனது?"

கண்ணாயி அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு வேண்டிய ஒருத்தங்க."

"நொம்ப நல்லா இருக்குன்னு அவங்ககிட்டச் சொல்லு, கண்ணு."

கண்ணாயி அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அவங்க காதுல விழுந்திருச்சுங்க."