மாலைக்கடியில் ஒரு சிவப்புக் கட்டம்

பிணத்தின் தலைமாட்டில் செல்போன் அலறியது!

ஒப்பாரி சட்டென்று நின்றது.

"ஸாரி... ஸாரி..."

கேமராவுக்குப் பின்னாலிருந்து கனிமொழி பாய்ந்து வந்து போனை எடுத்தாள். சாவு வீட்டில் போனை சைலன்ட்டில் போடாத தன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

"மேடம், ஸ்ரீராம் பேசறேன். கப்பல்லேர்ந்து."

இறந்தவரின் ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை.

"சொல்லுங்க சார். படம் வருதா?"

"வருது. அப்பா முகத்தையாவது பார்க்க முடிஞ்சுதே..." குரல் உடைந்தது. அடுத்த நொடியே ஒட்டிக்கொண்டது. "எப்ப எடுக்கறாங்க?"

"இப்ப எடுத்துடுவாங்க சார்."

நாகேந்திரன். மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை முதலாளி. நேற்றுவரை திடமாக நடமாடியவர், இப்போது திருநின்றவூர் வீட்டு ஹாலில், பெஞ்சின் மேல், ரோஜா மாலைக்கு அடியில் கிடந்தார்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த டாக்டரை அனுப்பியது மகன். லைவ் வீடியோவுக்குக் கனிமொழியைப் பிடித்தது மகன். ஐஸ் பெட்டி வேண்டாம் என்றதும் மகன். அப்பாவுக்குக் குளிர் ஆகாதாம்!

கனிமொழி ஐ.டி. வேலையை உதறிவிட்டு அம்பத்தூரில் லைவ் வீடியோ தொழில் நடத்துகிறவள். கப்பலில் இன்டர்நெட் நூல் மாதிரி மெலிசு என்று ஸ்ரீராம் புலம்பியதால், படத்தை நசுக்கிச் சுருக்கி அனுப்பும் சர்வர் ஒன்றை இதற்கென்றே அமைத்திருந்தாள்.

"இன்னாக்கா இது? டேட்டா எகிறிகினே போவுது!" லேப்டாப்பைக் காட்டினான் அவளுடைய கேமராமேன் முகமது ஆசிக்.

"ஃபேன் காத்துல மாலை ஆடுதில்ல, அதான். அசையாத இடத்தை நம்ம சர்வர் திரும்ப அனுப்பாது. அசையறதை மட்டும்தான் அனுப்பும். ஃபேனை நிறுத்து. ஊதுபத்தியையும் தள்ளி வை."

ஃபேன் நின்றது.

லேப்டாப் திரையில், படத்தில் அசையும் இடமெல்லாம் சிவப்புக் கட்டமாக எரியும். இப்போது ஒவ்வொன்றாக அணைந்தன. சுவர். பெஞ்ச். கால். முகம்.

மார்பில் மட்டும் ஒரு கட்டம் அணையவில்லை.

எரிந்தது... அணைந்தது... எரிந்தது...

"சாஃப்ட்வேர் பேஜாரு பண்ணுதுக்கா."

"இல்ல ஆசிக்." கனிமொழி திரையருகே குனிந்தாள். "மாலை ஏறுது... இறங்குது... காத்தே இல்லாம!"

"அப்படின்னா?"

"மூச்சு!"

"யா அல்லாஹ்!"

அதே நேரம் பார்த்து வாசலிலிருந்து நுழைந்தார் நாகேந்திரனின் தம்பி தினகரன். கொள்ளி வைக்கப் போகிறவர். முகத்தில் அப்படியொரு அவசரம்!

"வண்டி வந்துட்ச்சு! அண்ணி, வாய்க்கரிசி போடுங்க!"

நாகேந்திரனின் மனைவி சுலோசனா கை நிறைய அரிசியோடு தள்ளாடி எழுந்தாள்.

இந்த ஆளுக்கு ஏன் இத்தனை அவசரம்? கனிமொழி தினகரனையே கவனித்தாள். சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால், முதலில் தன்னைத்தான் வெளியே தூக்கிப் போடுவார்கள்.

"சார், நில்லுங்க! லைன் கட்டாயிடுச்சு. உங்க அண்ணன் பையன் பார்க்காம எடுக்கலாமா?"

"பார்த்த வரிக்கும் போதும்மா! மயானத்துல டைம் குட்த்துக்கீறாங்கோ!"

மறுபடியும் போன்! ஸ்ரீராம்தான்.

"மேடம், ஏன் பொய் சொல்றீங்க? லைன் நல்லாத்தானே இருக்கு! படம் கண்ணாடி மாதிரி தெரியுது. மாலையில ஒவ்வொரு இதழா எண்ணலாம்! தூக்கச் சொல்லுங்க!"

கனிமொழி விறைத்துப் போனாள்.

இதழா?

கப்பலுக்குப் போகிற மெலிந்த படத்தில் அப்பாவின் மூக்கே மசமசவென்றுதான் தெரிய வேண்டும்!

கல்யாண ஆர்டருக்காகச் செய்து வைத்திருந்த ஓர் ஏற்பாடு ஞாபகம் வந்தது. பார்ப்பவருடைய லைன் நன்றாக இருந்தால் சர்வர் தானாகவே தெளிவான படத்தை அனுப்பிவிடும். அதை நிறுத்தாமலே விட்டுவிட்டாள்.

சர்வரைத் திறந்தாள். பார்ப்பவர் ஒரே ஒருவர். லைன்...

ஆவடி. பிராட்பேண்ட்!

நடுக்கடலில் ஏதடா ஆவடி!

"ஸாரி சார், இப்ப சரியாயிடுச்சு. மேளம் ஓஞ்சதும் தூக்கிடுவாங்க" என்று போனை வைத்தவள், அடுத்த கணமே படத்தை நிறுத்தினாள். ஸ்ரீராமுக்கு இனி போவது உறைந்துபோன படம். பிணம் அசையாது என்று நினைப்பவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஹால் மைக்கை அணைத்து, வாசல் மைக்கை மட்டும் விட்டாள். அங்கே சாவு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஓடினாள். செல்போன் திரையைச் சேலையில் துடைத்து நாகேந்திரனின் மூக்கருகே பிடித்தாள்.

"ஏய், பொணத்தத் தொடாதே!" தினகரன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

கனிமொழி திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ஆவி படிந்திருந்தது!

"உங்க அண்ணன் மூச்சு சார்."

தினகரனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. குனிந்து பெஞ்சின் காலைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே! உன்ன உசுரோட கொளுத்த இருந்தனே அண்ணே!"

"ஏன் சார் அவ்வளவு அவசரப்பட்டீங்க?"

"ஸ்ரீராம்தாம்மா... 'சீக்கிரம் எடு சித்தப்பா, சீக்கிரம் எடு'ன்னு போன் மேல போன் போட்டு உசுர வாங்கிக்கினே இருந்தான்!"

சுலோசனாவின் கையிலிருந்து அரிசி சிதறியது. கனிமொழி சொன்னதையெல்லாம் கேட்டாள். அழவில்லை. அழுகை காய்ந்து வேறு ஏதோ அந்த முகத்தில் ஏறியிருந்தது.

கனிமொழி ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் போன் போட்டாள். சற்று நேரத்தில் பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸ் புறப்பட்டது. தினகரன் கூடவே ஏறிக்கொண்டார்.

"நீங்க போகலையாம்மா?"

"நான் இங்கயே இருக்கேன். அவன் முகத்தைப் பார்க்கணும். இல்ல... அவன் என் முகத்தைப் பார்க்கணும்."

ஆசிக் வாசலுக்கு ஓடினான். "அண்ணாத்தே, மேளத்த நிறுத்திடாதீங்க! அடிங்க!"

காலி பெஞ்சுக்காக மேளம் பிளந்துகட்டியது.

ஆவடி.

போன் நம்பரை வைத்து வீட்டைக் கண்டுபிடித்திருந்த இன்ஸ்பெக்டர் எத்திராஜ் கதவைத் தள்ளினார். சோபாவில் ஸ்ரீராம். டி.வி.யில் அப்பா.

"கப்பல் எப்ப தம்பி கரை தட்டுச்சு?"

ஸ்ரீராம் துள்ளி எழுந்தான். "நீங்க... சார், எங்கப்பா செத்துட்டார் சார்! அங்க பாருங்க!"

"தெரியும். நேத்து யாருக்கும் தெரியாம பட்டறைக்குப் போய் டீயில என்னத்தைக் கலந்தே? பட்டறையை விக்க மாட்டேன்னாரு, அதானே? டாக்டர்னு அனுப்புனியே உன் ஃப்ரெண்டு, அவன் எல்லாத்தையும் கக்கிட்டான்."

"பொய்! அவர் ஹார்ட் அட்டாக்லதான்..."

எத்திராஜ் போனில் கனிமொழியிடம் சொன்னார். "படத்தை விடும்மா."

டி.வி.யில் படம் அசைந்தது.

பெஞ்ச் காலி!

அதன் பக்கத்தில் சுலோசனா. கேமராவையே வெறித்துக்கொண்டு.

"நல்லாத் தெரியுதாடா?"

ஸ்ரீராமின் கையிலிருந்து ரிமோட் நழுவியது. கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள். ஆஸ்பத்திரி.

நாகேந்திரன் பிழைத்த கதையை டாக்டர் சொன்னார். டீ ஆறிப்போய்விட்டது என்று பாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம்.

மெல்லக் கண் திறந்தார். மனைவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மகனைப் பற்றிச் சொன்னார்கள். கண்ணோரம் நனைந்தது.

பிறகு கனிமொழியைக் கிட்டே வரும்படி சைகை காட்டினார். அவள் குனிந்தாள்.

"ரெக்கார்டிங் கீதாம்மா?"

"இருக்கு சார். ஏன்?"

"யார் யார் அழலன்னு பார்க்கணும்!"