பிச்சைமணி பேசுவதற்கு முன்

பிச்சைமணி வாயைத் திறப்பதற்கு முன்பே ஒலிப்பதிவுக் கருவியில் ஒலியளவு காட்டும் முள் ஒருமுறை எழுந்து விழுந்தது.

மைக்கில் தூசி என்று நினைத்து ஊதினான். ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றிக் கம்பெனி எடுத்திருந்த படத்துக்குக் குரல் கொடுத்து, இயந்திர இரைச்சல் அந்தக் குரலை அமுக்கிவிடாமல் அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை, இயந்திரமெல்லாம் நின்றிருந்தது. ஓசை புகாத இடம் வேண்டுமென்று ஜன்னலே இல்லாத சரக்கறையை அடம்பிடித்துக் கேட்டு வாங்கி, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே தூள் வாசனை மூக்கை அடைக்க உட்கார்ந்திருந்தான். கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் என்பதால் வாட்ச்மேன் சந்தனம் வெளியே கொண்டி போட்டிருந்தார். கூப்பிட்டால் திறந்தால் போதும் என்று இவன்தான் சொல்லியிருந்தான்.

முள் மறுபடி எழுந்தது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. ஹெட்போனை மாட்டினான். மூச்சுச் சத்தம். தன்னுடையதுதான் என்று சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கினான். அது நிற்கவில்லை.

ஒலியளவுக் குமிழைத் திருகிக் குறைத்தான். முள் இன்னும் உயர்ந்தது. மைக்கின் வயரைப் பிடுங்கினான். அப்போதும் கேட்டது, முன்னைவிடப் பக்கத்தில். இப்போது நிஜமாகவே பயந்துபோனான்.

ஹெட்போனை எறிந்துவிட்டுக் கதவைத் தட்டினான். "சந்தனம் அண்ணே, கதவத் திறங்க."

"வெளையாடாதிய சார்," என்றார் சந்தனம் வெளியிலிருந்து. "எவ்வளவு தட்டினாலும் தெறக்காதேன்னு இப்பத்தான சொன்னிய?"

"நான் சொல்லலைண்ணே."

ஓங்கித் தட்டினான். கத்தினான். தட்டத் தட்ட ஓசை குறைந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தான். மேசைமேல் கருவியின் குமிழ் தானாகவே ஒலி குறையும் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தான். நிற்கவில்லை. கடைசிவரை திரும்பியது.

தொண்டை கிழியக் கத்தினான். தன் காதுக்கே கேட்கவில்லை.

வெளியே பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. "எப்ப சார் வெளிய வந்திய?" சந்தனத்தின் குரல். "அப்ப உள்ள தட்டுனது யாரு?"

"யாருமில்லண்ணே. பூட்டிருங்க." பிச்சைமணியின் குரல். "வீட்ல என் பொண்டாட்டி பிள்ளைக காத்துக்கிட்டிருக்கும்."

பூட்டு விழுந்தது.

கதவிடுக்கில் கண்ணை வைத்தான். பனிமூட்டத்தில் இரண்டு பேர் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சந்தனம் குடை பிடித்திருந்தார். குடைக்குள் நடந்தவன் இவனுடைய கட்டம் போட்ட சட்டையில், இவனைப் போலவே இடது தோளைச் சாய்த்து நடந்தான். வளைவில் நின்றான். திரும்பி, கதவிடுக்கில் இருந்த கண்ணையே பார்த்தான்.